நாற்பத்தாறு எங்கே தொடங்குகிறது

வியாழக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு நாத்தனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. வேலை நேரத்தில் அழைக்கும் வழக்கம் நாத்தனாருக்கு இல்லை. மருத்துவமனையின் புதிய பிரிவுக்குத் தலைமைச் செவிலியாக அவளை அமர்த்திய நாள் முதலாக, அவளுக்கு மூச்சு விடவும் நேரமில்லை என்பது குடும்பம் முழுவதும் அறிந்த செய்தி.

"அண்ணி, உங்க கம்பெனி டிரிப்ஸ் பம்பு பொய் சொல்லுது."

"நல்லா ஆரம்பிச்ச போ. என்ன பொய்?"

"மணிக்கு நூத்தி இருபத்தஞ்சு மில்லின்னு வெச்சேன். இருபத்தஞ்சுன்னு காட்டுது."

"கை தவறி ஒண்ணை அமுக்காம விட்டிருப்ப."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பழக்கதோஷம், சொட்டை எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு விழுது. இருபத்தஞ்சுன்னா எட்டுதான் விழணும். உள்ள ஏத்துறது நூத்தி இருபத்தஞ்சு, மூஞ்சில எழுதி வெச்சிருக்கிறது இருபத்தஞ்சு. எங்க அண்ணனை மாதிரியே செஞ்சு அனுப்பியிருக்கீங்க."

"உங்க அண்ணனுக்கு உள்ள ஒண்ணு வெளியில ஒண்ணு வெச்சுக்கிற சாமர்த்தியம் ஏது? ஊசி யாருக்காவது..."

"ஐயோ, இல்ல அண்ணி. வார்டு சனிக்கிழமைதானே திறக்குது. இப்ப வாளியில தண்ணிதான் ஏத்திக்கிட்டிருக்கேன்."

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பக்கத்துப் பம்புல வெச்சுப் பாரேன்."

சிறிது நேரம் பொத்தான்களின் ஓசை மட்டும் கேட்டது. "இதுல சரியா இருக்கு. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. மூணும் நிக்குது."

எல்லாம் தவறாக இருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்று சரி, ஒன்று தவறு என்றவுடன் அண்ணிக்கு அந்த நிம்மதியும் போயிற்று. ஏனெனில், அதற்குக் காரணமாக இருக்கக்கூடியது ஒன்றே ஒன்று; அதன்கீழ் அவளுடைய கையெழுத்து இருந்தது.

அலுவலகத்தில் அவளை எல்லாரும் விவரக்காரி என்றே அழைப்பர். பம்புகளுக்குரிய விவரக் கோப்பை எழுதுவது அவள் பணி. மருந்து நீரைச் சீராக உடலில் ஏற்றும் அந்தப் பம்புகளின் முகத்தில் உள்ளங்கையளவு திரை ஒன்று உண்டு. உள்ளே இயங்குதளம் ஒன்று உண்டு. அவ்வியங்குதளம் ஆயிரம் வகைப் பொறிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. தான் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறோம், எந்தக் கம்பி எங்கே செல்கிறது, எத்தகைய திரை மாட்டப்பட்டிருக்கிறது என்பன ஒன்றும் அதற்குத் தாமாகத் தெரியா. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போன்ற நிலை. அதற்குக் கைவிளக்காக இருப்பதே விவரக் கோப்பு. திரைக்குப் புள்ளிகளை அனுப்பும் சில்லு இன்ன முகவரியில் உள்ளது, ஒரு வரிக்கு இத்தனை புள்ளிகள், ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது இத்தனை கணக்கு நீளமுள்ள துடிப்பு ஒன்று, அத்துடிப்பு முடிந்தபின் இத்தனை கணக்கு மௌனம், அதன் பின்னரே முதற்புள்ளி என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியிருப்பதை இயங்குதளம் அப்படியே நம்பும். எதிர்க்கேள்வி கேட்காது.

எதிர்க்கேள்வி கேட்பவர் ஒருவரே. இவ்வகைக் கோப்புகள் பலருக்கும் பயன்படும் பொதுத் தொகுப்பில் வைக்கப்படுவன; ஆகையால் அவற்றை ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் ஒருவர் எங்கோ தொலைவில் இருந்தார். அவரை எவரும் நேரிற் கண்டதில்லை. வாயிற்காவலர் என்பது அலுவலகத்தார் அவருக்கு இட்ட பெயர். எத்தனை பக்கம் எழுதினாலும் ஒரே வரியில் மறுமொழி தருவார். மூன்று திங்களுக்கு முன்னர், பழைய திரை கிடைக்காமற்போய் வேறொரு நிறுவனத்தின் திரையை வாங்கத் தொடங்கியபோது, "புதியதும் பழையதும் அளவில் ஒன்றே, அதே விவரம் பொருந்தும்" என்று அவள் எழுதியிருந்தாள். "அளந்தீர்களா, தாளிற் பார்த்தீர்களா?" என்று அவர் கேட்டிருந்தார். "தாளிற் பார்த்தேன். தாள் தெளிவாக இருக்கிறது" என்று சற்றே சினத்துடன் இவள் விடையளித்திருந்தாள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, இரண்டு திரைகளின் விவரத்தாள்களையும் எடுத்துப் பக்கத்திற் பக்கமாக விரித்தாள். துடிப்பின் நீளம் இதிலும் இருபது, அதிலும் இருபது. மௌனத்தின் நீளம் இதிலும் நாற்பத்தாறு, அதிலும் நாற்பத்தாறு. அன்று அவள் பார்த்தது இவ்வளவே. இன்று, எண்களுக்குக் கீழே வரைந்திருந்த படத்தைப் பார்த்தாள்.

பழைய தாளில் நாற்பத்தாறைக் குறிக்கும் அம்பு, துடிப்பு தொடங்கும் இடத்திலேயே தொடங்கியது. துடிப்பின் இருபதும் அதனுள் அடக்கம். ஆகவே துடிப்பு முடிந்தபின் காக்க வேண்டிய மௌனம் இருபத்தாறே. அதனை அவள் கோப்பில் சரியாகவே எழுதியிருந்தாள். புதிய தாளிலோ அந்த அம்பு, துடிப்பு முடியும் இடத்தில் தொடங்கியது. அந்தத் திரைக்கு நாற்பத்தாறு முழுவதும் காக்க வேண்டும். இருபத்தாறோடு பொறுமை இழந்து சில்லு புள்ளிகளை அனுப்பத் தொடங்கிவிட, திரை கண் விழிப்பதற்குள் ஒவ்வொரு வரியிலும் முதல் இருபது புள்ளிகள் போய்விட்டன. திரையின் இடது ஓரத்தை ஒட்டி நூறின் இடத்தில் நிற்கும் ஒன்று என்னும் இலக்கத்திற்கு அகலம் பதினான்கே புள்ளிகள். அது சுவடில்லாமல் மறைந்துவிட்டது. தொழிற்கூடச் சோதனையில் எப்போதும் ஐம்பது என்ற எண்ணையே வைத்துப் பார்ப்பர். ஐம்பதுக்கு நூறின் இடத்தில் மறைவதற்கு ஒன்றுமில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பர். சறுக்கிய ஆனை எழுந்து நிற்கவேண்டுமல்லவா? அவள் இரண்டு தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேலாளரின் அறைக்குச் சென்றாள். அங்கே, திரையில் எண்களையும் படங்களையும் வரையும் பொறுப்புடைய சட்டுப்புட்டு என்பவனும் இருந்தான். நாற்பதைத் தொட்டவன், எதனையும் சட்டுப்புட்டென்று முடிப்பவன் என்பதால் வந்த பெயர் அது.

"தப்பு என்னுடையது" என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமற் சொன்னாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அறுபது பம்பு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வார்டு திறக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பம்பு சரின்னு நாம எழுதிக் கொடுத்தாகணும். இல்லன்னா அறுபதையும் திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம கையில வேற ஆர்டர் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இதுக்கு ஏன் இடி விழுந்த மாதிரி நிக்கிறீங்க அக்கா?" என்றான் சட்டுப்புட்டு. "கோப்புல இருபத்தாறை நாப்பத்தாறா மாத்துங்க. முடிஞ்சுது கதை."

"பழைய திரை மாட்டின பம்பும் அதுல இருக்கே. அதுல படம் வலப்பக்கம் தள்ளிப்போகும். அபாய மணி வலது ஓரத்துல இருக்கு, மணி போயிடும்."

"சரி, கோப்பைத் தொடவேண்டாம். நான் எண்ணையும் மணியையும் ரெண்டு பக்கமும் உள்ள தள்ளி வரைஞ்சிடுறேன். பத்து நிமிஷம்."

"மொத்தம் எத்தனை முகப்பு வரைஞ்சிருக்க?"

அவன் கணக்கிட்டான். "நாப்பத்தொண்ணு."

"நாப்பதைத் தள்ளி ஒண்ணை மறந்துட்டா? அந்த ஒண்ணு எப்ப வரும்? நோயாளிக்கு மூச்சு முட்டும்போது வரும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "இங்க பாரு, கோப்பு பொய் சொல்லுது. அதை மறைக்க உன் படத்தையும் பொய் சொல்ல வைக்காத. ரெண்டு திரையும் ரெண்டு ஜாதி. ரெண்டுக்கும் தனித்தனிப் பேர், தனித்தனி விவரம். எந்தப் பம்புல எது இருக்கோ அந்த விவரத்தை அதுல ஏத்தணும்."

"எதுல எது இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"திறந்து பார்க்கணும்."

"அறுபதையுமா?" என்று இருவரும் ஒரே நேரத்திற் கேட்டனர்.

"அறுபதையும்தான். ஒரு பம்புக்கு நாலு திருகாணி."

மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். பின்னர், "நாளைக்கு ஆறு மணி. ஆறு மணிக்கு மேல என்னால வாய்தா வாங்க முடியாதும்மா" என்றார்.

அன்று பகல் முழுவதும் அவள் புதிய திரைக்கான விவரத்தை எழுதினாள். பழைய விவரத்தில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. ஒருமுறை வெளியே அனுப்பிய விவரத்தைத் திருத்தக்கூடாது என்பது அத்தொழிலின் எழுதா விதி. அதனை நம்பி எத்தனை பொறிகள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றனவோ, யார் கண்டார்? புதியதற்குப் புதிய பெயரிட்டு, அதன்கீழ் நாற்பத்தாறு என்று எழுதினாள். இம்முறை தாளை நம்பவில்லை. திரையின் நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒரே புள்ளி அகலத்தில் வெள்ளைச் சட்டம் ஒன்றை வரைந்து தருமாறு சட்டுப்புட்டைக் கேட்டாள். நான்கு கோடுகளும் தெரிந்தால் விவரம் மெய்; ஒன்று குறைந்தாலும் பொய். பழைய விவரத்தோடு புதிய திரையில் இடக்கோடு இல்லை. புதிய விவரத்தோடு நான்கும் மயிரிழையாக ஒளிர்ந்தன. அதன் பின்னரே வாயிற்காவலருக்கு மடல் எழுதினாள். "மூன்று திங்களுக்கு முன்னர் நான் எழுதியது தவறு. தாளிலுள்ள எண்ணைப் பார்த்தேன், அது எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பார்க்கவில்லை" என்பது அதன் முதல் வரி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விவரக்காரியும் சட்டுப்புட்டும் புதிய பிரிவுக்குள் நுழைந்தனர். படுக்கைகளுக்கு இன்னும் விரிப்பு இடவில்லை. புதுச் சுண்ணத்தின் மணம் சுவரைவிட்டு நீங்கவில்லை. சன்னலோரமாக இட்ட நீண்ட மேசையில் அறுபது பம்புகளும் வரிசையாக இருந்தன. நாத்தனார் வாளி, நீர்ப்பை, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு ஆயத்தமாக நின்றாள்.

"வாங்க அண்ணி. வீட்டுல நாங்க உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. ஆபீஸ்ல மட்டும் தப்பை உடனே ஒத்துக்கிட்டீங்களாமே?"

"உப்பு கூடினா வாளித் தண்ணியைக் குடிச்சுக்கலாம். இது அப்படியா? வாயை மூடிக்கிட்டுச் சொட்டை எண்ணு."

"எண்ணும்போது பேச மாட்டேன். பேசும்போது எண்ண மாட்டேன். மத்தபடி என் வாயை மூட எங்க அண்ணனாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது."

வேலை முறையை விவரக்காரி வகுத்துத் தந்தாள். முதலில் நான்கு திருகாணிகளைக் கழற்றித் திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைப் படிக்க வேண்டும். அதற்குரிய விவரத்தை மடிக்கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். மூடியபின் சட்டத்தைத் திரையிலிட்டு நான்கு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாகப் பம்பு நாத்தனாரிடம் போகும். அவள் நூற்றிருபத்தைந்து வைத்து, எண்ணையும் பார்த்துச் சொட்டையும் எண்ணுவாள். பெட்டிகளை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

முதல் பத்துப் பம்புகளுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதன்பின் கைக்கு வேகம் வந்தது. திருகாணிகள் விழுந்து தொலையாமல் இருக்க அவள் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு தேநீர்க் குவளையை ஒதுக்கி வைத்தாள். சட்டுப்புட்டோ அவற்றைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டான். நடக்கும்போதெல்லாம் சலங்கை கட்டியவன்போல் ஒலித்தான்.

"கச்சேரிக்குப் போறவங்க எல்லாம் இங்க ஏன் வர்றாங்க?" என்றாள் நாத்தனார்.

"அக்கா, உங்க நாத்தனாரை முதல்ல திறந்து பாருங்க. உள்ள எத்தனை திருகாணி கழண்டிருக்குன்னு தெரியும்."

"திறக்க வேண்டாம். வெளியிலேயே தெரியுது" என்றாள் விவரக்காரி, தலை நிமிராமல்.

பகலுணவுக்குப் பின் சட்டுப்புட்டின் வேகம் கண்கூடாக மிகுந்தது. அவள் இரண்டு முடிப்பதற்குள் அவன் மூன்று முடித்தான். பெயருக்கேற்ற ஆள்தான் என்று அவளுக்கும் சற்று மகிழ்ச்சியாகவே இருந்தது. நான்கு மணிக்கு ஐம்பத்தோராவது பம்பு முடிந்தது. மேலாளரும் கையெழுத்திட வேண்டிய தாளோடு வந்துவிட்டார்.

அப்போது கோடியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை. "அண்ணி, இங்க வாங்க. இன்னும் ஒரு பொய்யன் இருக்கான்."

திரையில் இருபத்தைந்து. நீர்ப்பையின் கீழே சொட்டுகள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன.

விவரக்காரி அந்தப் பம்பைத் திறந்தாள். முதுகுச் சீட்டில் பழைய திரையின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. ஏற்றியிருந்ததும் பழைய விவரமே. மூடி, சட்டத்தை இட்டாள். இடக்கோடு இல்லை. தொழிற்கூடத்தில் திரைகளைப் பொருத்தியவர்களிடத்தில் மீந்துபோன பழைய சீட்டை வீணாக்க மனமில்லாத சிக்கனக்காரர் எவரோ, புதிய திரையின்மீது அதனை ஒட்டி அனுப்பியிருந்தார்.

"நான் தொட்டதுக்கெல்லாம் சட்டம் போட்டேன். அப்ப இது உன் பம்பு" என்றாள் அவள் சட்டுப்புட்டிடம். "சட்டம் போட்டுப் பார்த்தியா?"

அவன் சட்டைப்பையிலிருந்த திருகாணிகளைத் துழாவினான். "காலையில எல்லாத்துக்கும் போட்டேன் அக்கா. எதுவுமே தப்பா வரல. அதான் சாப்பாட்டுக்கு அப்புறம்... சீட்டைப் பார்த்ததோட சரி."

"எத்தனை?"

"எண்ணல."

"எது எதுன்னாவது தெரியுமா?"

அவன் மேசையைப் பார்த்தான். முடித்த பம்புகள் எல்லாம் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன. அவன் தலை தானாகக் குனிந்தது. அவனைக் கடிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. மூன்று திங்களுக்கு முன் தாளைப் பார்த்ததோடு சரி என்று இருந்தவள் அவளேயல்லவா?

மேலாளர் மெல்ல இருமினார். "ஏம்மா, அகப்பட்டது ஒண்ணு. அதையும் இப்பச் சரி பண்ணிடலாம். மீதிதான் உன் நாத்தனார் எண்ணிப் பார்த்தாங்களே."

"நான் இருபத்தெட்டுதான் எண்ணியிருக்கேன் சார்" என்றாள் நாத்தனார். "சொட்டு எனக்காக வேகமா விழாதே."

"ஒண்ணுதான்னு யார் சொன்னது சார்?" என்றாள் விவரக்காரி. "எத்தனை ஒண்ணு இருக்குன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு தடவை போட்டுட்டேன். போதும்."

"மணி நாலேகால் ஆகுது."

"ஆறு மணிவரைக்கும் எனக்குக் கொடுத்திருக்கீங்க. திறக்க வேண்டாம், சட்டம் மட்டும் போட்டாப் போதும். முடிச்ச அம்பத்தொண்ணுக்கும் முதல்ல இருந்து. அப்புறம் மிச்சம் ஒம்பது." அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையின் முதற்பம்பிடம் போனாள். "நீங்களும் சும்மா நிக்காதீங்க சார். நான் சட்டம் போட்டு முடிக்கிற பம்பு மேல எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால ஒரு கோடு இழுங்க."

மேலாளர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கட்டியை வாங்கினார்.

 மிச்சமிருந்த ஒன்பது பம்புகளையும் சட்டுப்புட்டே திறந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை எடுத்து வைத்தான். விவரக்காரி ஏற்கெனவே முடிந்த பம்புகளை ஒவ்வொன்றாக எழுப்பி, இடக்கோடு, வலக்கோடு, மேல், கீழ் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். முப்பதாவதில் அவளுடைய கண் எரிந்தது. நாற்பதாவதில், பார்க்காததையும் பார்த்ததாக நினைத்துவிடுவோமோ என்று ஐயம் எழுந்தது. அதனால் ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். மேலாளரும் அவளோடு சேர்ந்து சொன்னார். ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் அறுபதாவது பம்பின்மீது சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

வேறு பொய்யன் ஒருவனும் அகப்படவில்லை. பழைய திரை முப்பத்தேழு, புதியது இருபத்துமூன்று. அகப்படாததற்காக அவள் அந்த ஒன்றரை மணி நேரத்தை வீண் என்று எண்ணவில்லை. தாளைக் கேட்டு வாங்கி, மேசையின்மேல் வைத்து, கையெழுத்திட்டாள்.  

சனிக்கிழமை காலை வாயிற்காவலரிடமிருந்து வழக்கம்போல் ஒரே வரி வந்திருந்தது. "இம்முறை அளந்தீர்களா?" முன்பு இதே கேள்விக்குச் சினந்தவள், இன்று கேள்வி வந்தது நன்று என்றே எண்ணினாள். "அறுபதையும் அளந்தேன். ஒன்றில் பெயர்ச்சீட்டும் பொய் சொல்லியது, சீட்டை நம்பாமல் சட்டத்தை இட்டுப் பார்க்கவேண்டும் என்று கோப்பிற் குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். அவளை அங்கே எவரும் அழைக்கவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவே.

பத்தே கால் மணிக்கு முதல் நோயாளியைப் படுக்கையில் கிடத்தினர். முதியவர்; கையில் ஊசி ஏறியபோது முகத்தைச் சுளித்தார். நாத்தனார் பம்பில் எண்ணை இட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து. மூன்று இலக்கங்களும் திரையில் நேராக நின்றன. நாத்தனார் அதனைப் பார்த்தாள். பார்த்தபின்னும், மணிக்கட்டைத் திருப்பிக் கைக்கடிகாரத்தையும் சொட்டையும் மாறிமாறி நோக்கத் தொடங்கினாள்.

கதவோரம் நின்ற விவரக்காரி அருகே வந்து, "இன்னுமா நம்பல?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டாள்.

நாத்தனார் தலையைத் திருப்பவில்லை. ஒற்றை விரலை உயர்த்திப் பேசாதிருக்குமாறு சைகை காட்டினாள். இதழ்கள் மட்டும் அசைந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அண்ணியும் அவளோடு சேர்ந்து மனத்துக்குள் எண்ணினாள்.